அண்ணன் நீட்டிய சிப்பாய்

1

போன மாதம் எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ஜெர்மனியில் எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. அதில் எனக்குப் புகார் இல்லை. ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி: பிறந்த நாட்டில் அசையாச் சொத்து ஏதாவது இருக்கிறதா? இருபத்து நான்கு வருடங்களாக இந்தக் கேள்வியை எங்கே பார்த்தாலும் 'இல்லை' என்ற கட்டத்தில் யோசிக்காமல் கோடு போடுவேன். இந்த முறை 'ஆம்' என்று போட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஃப்ராவ் சம்பங்கி, போன தடவை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்."

"போன தடவை இல்லை. இப்போது இருக்கிறது."

"வாங்கினீர்களா?"

அண்ணனோடு செஸ் ஆடினேன் என்று வாய்வரை வந்தது. "குடும்பச் சொத்து" என்று மட்டும் சொன்னேன்.

சம்பங்கி என் பெயர் இல்லை. அது என் அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தையும் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தையும் யாரோ குழப்பிவிட, வந்த நாள் முதல் இங்கே நான் 'திருமதி சம்பங்கி'. நாகரத்னாவான என்னை ரத்னா என்று கூப்பிட இந்த ஊரில் என் கணவர் ஒருவர்தான் இருக்கிறார். பாகலூருக்குப் பக்கத்தில் கேழ்வரகும் ரோஜாவும் போட்டுக்கொண்டிருந்த மனிதர், ஒரு தடவைகூட விமானம் ஏறாதவர், அவர் பெயரை நெக்கார் ஆற்றங்கரையில் பல் டாக்டர் வரைக்கும் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் படிவத்தில் 'ஆம்' என்று போட்ட கதையைத்தான் எழுதுகிறேன். என்னைப் பற்றி இதில் நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தேன். கல்யாணம் ஆகி இங்கே வந்தபிறகு, மொழி படிக்கவும் மகளை வளர்க்கவும் எட்டு வருடம் போக, பல்சக்கரம் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அதே வேலை. வருகிற ஒவ்வொரு பாகத்தையும் மைக்ரோமீட்டரில் வைத்து அளக்க வேண்டும். 'இது சரியாகத்தான் இருக்கும்' என்று நினைத்துக் கையில் எடுக்கக் கூடாது என்று ஓசூரில் என் முதல் சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்தார். பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படு என்பார். அந்தப் பழக்கம் தொழிற்சாலை வாசலோடு நிற்கவில்லை.

எனக்கு ஒரே அண்ணன், முனிராஜ். என்னைவிட ஆறு வயது பெரியவன். ஓசூரில் கிரைண்டிங் மிஷின் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவன். ஐ.டி.ஐ. படிக்கும்போது அவன்தான் சுருட்டி வைக்கிற செஸ் அட்டை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ரெண்டு பேரும் சேர்ந்தே கற்றுக்கொண்டோம். வெள்ளைக்காய் எப்பவும் அவனுக்கு. பெரியவன் என்ற ஒரே காரணம். அவன் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயைத் தொடவே மாட்டான். ராணிக்கு முன்னால் இருப்பதை இரண்டு கட்டம் தள்ளுவான். நானும் தள்ளுவேன். உடனே பக்கத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி என் முன்னால் நீட்டுவான். வேண்டுமானால் வெட்டிக்கொள் என்று சும்மா கொடுக்கிற சிப்பாய் அது. பழைய காலத்துத் திறப்பு, எல்லா செஸ் புத்தகத்திலும் இருக்கிறது.

நான் ஒருநாளும் உடனே வாங்கினதில்லை. "எடுத்துக்கடி" என்பான். "நீ எதுக்குக் குடுக்குற, அதைச் சொல்லு" என்பேன். என் சிப்பாயை இன்னொரு சிப்பாயால் தாங்கிப் பிடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். பாதி ஆட்டம் நான் ஜெயிப்பேன். அதற்கு அவன் கோபித்துக்கொண்டதில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

3

அப்பா இறந்தபோது அண்ணன் எனக்குச் சொன்னது மறுநாள் சாயங்காலம். எல்லாம் முடிந்திருந்தது. "உன் பாஸ்போர்ட்டு ஆபீஸ்ல மாட்டிக்கினு இருக்குதுன்னு சொன்னியே, எப்படியும் வந்திருக்க முடியாது" என்றான். உண்மைதான், என் பாஸ்போர்ட்டை அப்போது விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். ஆனாலும் ஒரு போன் பண்ண ஒன்றரை நாளா ஆகும்? நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஒரு போன், அப்புறம் அதுவும் இல்லை. ஒன்பது வருடம் அப்படியே போனது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை, தபால் பெட்டியில் மின்சாரக் கட்டண உறைக்கும் பல்பொருள் அங்காடி விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு தபாலட்டை. இந்திய ஸ்டாம்புகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அண்ணன் கையெழுத்து.

"ரத்னா, ராணி சிப்பாய் ரெண்டு கட்டம். உன் ஆட்டம். முனிராஜ்."

வேறு ஒரு சொல் இல்லை. நலமா என்றுகூட இல்லை.

சமையலறையில் நின்றுகொண்டே நாலைந்து முறை படித்தேன். சந்தோஷம் வரவேண்டிய இடம். எனக்கு வந்தது வேறு. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் ஓசூரில் இருக்கும் என் பழைய தோழி போனில் சொல்லியிருந்தாள்: "உங்க நிலத்துக்கு ரெண்டு பக்கமும் கம்பெனி ஷெட்டு வந்துட்டுது. ரோடு அகலப்படுத்துறாங்க. உன் பேரும் அதுல இருக்குது, ஞாபகம் வெச்சிக்க."

கணவரிடம் அட்டையைக் கொடுத்தேன். அவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்துக்கு அடி போடுறாரு."

"அப்படின்னா நேரா கேக்கலாமே."

"ஒன்பது வருஷம் பேசாத தங்கச்சிகிட்ட எடுத்த உடனே கேப்பாங்களா? முதல்ல ஆடுவாங்க. அப்புறம் கேப்பாங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அம்மா முன்பே போய்விட்டாள்; அப்பா உயில் எழுதவில்லை. அந்த இரண்டு ஏக்கரில் பாதி எனக்குச் சேரும், நான் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் முழுசும் அண்ணனுக்கு. இது எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம். போட்டுக்கொடுத்துவிட்டு வருவதும் வழக்கம்தான்.

அன்று மத்தியானமே ஒரு அட்டை வாங்கிப் பதில் எழுதினேன். "நானும் ராணி சிப்பாய் ரெண்டு கட்டம்." அதற்கு மேல் நானும் ஒரு சொல் எழுதவில்லை.

4

அட்டை இங்கிருந்து அங்கே போகப் பத்து நாள், சில சமயம் மூன்று வாரம். முதல் பத்து நகர்த்தல்கள் வேகமாகப் போயின. "நீ இதை ஆடினால் நான் இது" என்று ஒரே அட்டையில் இரண்டு மூன்று எழுதுவான். சிப்பாயை நீட்டினான், நான் வாங்கவில்லை. குதிரைகள் வந்தன, பிஷப் வந்து என் குதிரையை முறைத்துக்கொண்டு நின்றது. எல்லாம் பழைய வழிதான்.

அப்புறம் வேகம் குறைந்தது. சாப்பாட்டு அறை ஜன்னலோரம் ஒரு பலகையில் காய்களை வைத்திருந்தேன். தூசு தட்டும்போதுகூட யாரும் தொடக் கூடாது. வேலைக்குப் போகும் ரயிலில் அடுத்த நகர்த்தலை யோசிப்பேன். காய்களைவிட அதிகமாக யோசித்தது, அண்ணன் எப்போது கேட்கப்போகிறான் என்பதை. ஒவ்வொரு அட்டை வரும்போதும் முதலில் ஆட்டத்தைப் பார்க்க மாட்டேன். கீழே ஓரத்தில் சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருமுறை "மழை இல்ல" என்று எழுதியிருந்தான். சரி, தொடங்கிவிட்டான், அடுத்த அட்டையில் விவசாயம் செய்ய முடியவில்லை என்பான், அதற்கடுத்து நிலம் என்பான் என்று காத்திருந்தேன். அடுத்த அட்டையில் "யானை சி1" என்று மட்டும் இருந்தது.

ஒரு வருடம் போனது. இரண்டு வருடம் போனது. அவன் கேட்கவில்லை. கேட்காததுதான் என் சந்தேகத்தை வளர்த்தது. அளவு சரியாக இருக்கும் பாகத்தைத் திரும்பத் திரும்ப அளந்து பார்க்கிற மாதிரி, அவனுடைய ஒவ்வொரு அட்டையையும் பழைய அட்டைகளோடு வைத்துப் பார்த்தேன். பேனா மாறியிருக்கிறதா? வேறு யாராவது சொல்லிக்கொடுத்து எழுதுகிறானா? மத்தியில் அவன் ஆட்டம் ரொம்ப உறுதியாக இருந்தது. கம்ப்யூட்டரை வைத்து ஆடுகிறானோ என்றும் தோன்றியது. அவன் மகன் நவீன் மிஷின் வேலை படித்தவன். வீட்டில் லேப்டாப் இருக்கும்.

5

என் மகள் மீரா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வாரக் கடைசியில் துணி துவைக்க வீட்டுக்கு வருவாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அண்ணன் அட்டையில் தமிழை விட்டுவிட்டு ஸ்டாம்பை மட்டும் பார்ப்பாள். மாமா முகம் அவளுக்கு இரண்டு போட்டோக்களில்தான் தெரியும்.

"மாமா கம்ப்யூட்டர்ல ஆடுறாருன்னு நினைக்கிறேன்" என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன்.

"செக் பண்ணலாம்" என்று போனை எடுத்தாள். முழு ஆட்டத்தையும் அதில் போட்டாள். அது முறையல்ல என்று எனக்குத் தெரியும். தபால் ஆட்டத்தில் இன்னொரு மூளையைக் கேட்பது ஏமாற்று. நடந்து முடிந்ததை மட்டும்தானே பார்க்கிறோம், வரப்போவதை இல்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"அம்மா, மாமா ஜெயிக்க மாட்டேங்குறான்."

"மாட்டேங்குறார்னு சொல்லு. மாமாவை அப்படிச் சொல்லக் கூடாது."

"நீ சொல்றியே."

"எனக்கு அவன் அண்ணன்."

"ஓகே. மாமா ஜெயிக்க மாட்டேங்குறார். இங்க பாரு. இருபத்து நாலாவது மூவ்ல உன் சிப்பாய் ஃப்ரீயா இருக்கு. எடுத்தா அவருக்குத்தான் நல்லது. எடுக்கல. ராஜாவை ஒரு கட்டம் ஓரமா வெச்சிருக்கார். இருபத்தேழுல மறுபடியும். ராஜாவைத் திருப்பிக் கொண்டுவந்துட்டார். இருபத்தொன்பதுல மறுபடியும். இப்படி எந்த கம்ப்யூட்டரும் ஆடாது."

"பார்க்காம விட்டிருப்பார்."

"மூணு தடவையா? நீ டிரா வேணுமான்னு கேட்டியா?"

கேட்டிருந்தேன். இருபத்தெட்டாவது நகர்த்தலோடு சமன் செய்துகொள்ளலாமா என்று எழுதியிருந்தேன். "வேணாம். ஆடு" என்று பதில் வந்தது. ஜெயிக்கவும் மாட்டான், முடிக்கவும் மாட்டான். ராஜாவை ஒரு கட்டம் அந்தப் பக்கம், ஒரு கட்டம் இந்தப் பக்கம். எதற்குக் காத்திருக்கிறான்? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். என் மனதை மெதுவாக இளக வைத்து, சரியான நாளில் கேட்பதற்கு.

அந்த ஜனவரியில் மூன்று வாரம் லீவு எடுத்தேன். அண்ணனுக்குச் சொல்லவில்லை. கணவர் விமான நிலையத்தில் சொன்னது: "எதுலயும் கையெழுத்துப் போடாத."

6

பெங்களூரில் இறங்கி டாக்ஸி பிடித்தேன். டிரைவர் முதலில் கன்னடத்தில் பேசினார், எனக்குத் தெலுங்கும் வரும் என்று தெரிந்ததும் அதற்கு மாறினார், அத்திப்பள்ளி தாண்டியதும் தமிழுக்கு. நானும் கூடவே மாறினேன். இங்கே ஒரு மொழிக்கு இருபத்து நாலு வருடம் திணறுகிறவள், அங்கே ஒரு மணி நேரத்தில் மூன்றில் பேசினேன். ஆனால் நன்றி சொல்லும்போது வாயில் ஜெர்மன்தான் வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அண்ணன் வீட்டில் இல்லை. ஓய்வூதிய வேலையாக ஓசூர் போயிருந்தான். அண்ணி ஜெயம்மா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மாலூர்ப் பக்கம், கர்நாடகா. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. முறத்தை ஓரமாகத் தள்ளி இடம் விட்டாள்.

"வா. நீ என்னைக்காவது வருவேன்னு தெரியும்."

தண்ணீர் கொடுத்தாள். நான் கொண்டுவந்த சாக்லேட்டை வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள். நவீன் எங்கே என்று கேட்டேன்.

"புனேவுக்குப் போயிட்டான். உனக்குத் தெரியாதா? ஆவணியில போனான்."

"கார்டுல அண்ணன் எழுதல."

"அதுல என்னதான் எழுதுவாரு? யானை, குதிரை" என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "பாரு. நான் காட்டினேன்னு தெரிஞ்சா தெரியட்டும்."

முத்திரைத்தாள். விடுதலைப் பத்திரம் என்று தலைப்பு. சம்பங்கி மகள் நாகரத்னா ஆகிய நான், என் முழு மனதுடன், எந்தவித நிர்ப்பந்தமும் இன்றி என்று தொடங்கியது. கையெழுத்து இடம் மட்டும் காலி. வாங்கிய தேதியைப் பார்த்தேன். முதல் அட்டை எனக்கு வந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தால், அவன் அட்டையைத் தபாலில் போடுவதற்கும் முந்தியது.

சொன்னால் வெட்கமாக இருக்கிறது: எனக்கு முதலில் வந்தது ஒரு திருப்தி. மூன்று வருடம் அளந்து கடைசியில் பழுதைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி. நான் நினைத்தது சரி. பத்திரத்தை வாங்கி வைத்துவிட்டுத்தான் அண்ணன் சிப்பாயை நகர்த்தியிருக்கிறான்.

"அடியில இன்னும் இருக்குது" என்றாள் அண்ணி.

அதற்குக் கீழே இன்னொரு பத்திரம். அதே வாசகம், ஒரு வருடம் கழித்த தேதி. அதற்குக் கீழே மூன்றாவது.

"ஆறு மாசம் போனா பழைய தாளு செல்லாதுன்னு பத்திரம் எழுதுறவர் சொன்னாரு. புதுசு வாங்குவாரு. எழுதி வாங்கிக்கினு வருவாரு. அனுப்ப மாட்டாரு. கேட்டா, ஆட்டம் முடியட்டும்பாரு. நான் சொன்னேன், ஏனுங்க, ஆட்டத்தை அது பாட்டுக்கு ஆடுங்க, இதை இது பாட்டுக்கு அனுப்புங்கன்னு. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன?"

"இதை அனுப்பினா அவ அப்புறம் கார்டு போட மாட்டான்னாரு."

முறத்தில் அவரைத்தோல் குவிந்துகொண்டே இருந்தது. அண்ணி கை நிற்கவில்லை.

"நவீனு ரோட்டோரம் ஒரு ஷெட்டு போட்டு ரெண்டு மிஷின் வைக்கணும்னு கேட்டான். பட்டா ஒருத்தர் பேர்ல இல்லாம கரண்டு குடுக்க மாட்டேங்கிறாங்க, பேங்க்லயும் உள்ள விட மாட்டேங்கிறாங்க. அத்தைகிட்ட நான் பேசுறேன்பான். வேணாம், நான் கேக்குறேன்பாரு இவரு. மூணு வருஷம் பார்த்தான். ஆயித்து. கிளம்பிட்டான். இப்ப அவரு போன் பண்ணா அவன் எடுக்குறதில்ல."

ஆயித்து என்றால் முடிந்துபோயிற்று. அதைக் கன்னடத்தில்தான் சொன்னாள்.

7

அண்ணன் சாயங்காலம் வந்தான். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்து, "எப்ப வந்த?" என்றான், நான் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்த மாதிரி. கவர் மேசை மேல் இருந்ததைப் பார்த்தான். கை கழுவப் போனான். களியும் அவரைக்காய்ச் சாறும் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் நிலத்துக்குப் போனோம். ரெண்டு பக்கமும் தகரக் கூரைகள். ஒரு பக்கத்து ஷெட்டிலிருந்து பிரஸ் மிஷின் சத்தம் விடாமல் வந்தது. ரோஜா இல்லை. பாதியில் கேழ்வரகு அறுத்த தாள், பாதி சும்மா கிடந்தது. கிணற்று மேட்டில் உட்கார்ந்தோம்.

"ஜெயம்மா காட்டிட்டாளா?"

"ம்."

"நீ முன்னாடியே சந்தேகப்பட்டியா?"

"பட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"முதல் கார்டுலேர்ந்து."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்புறம் எதுக்குப் பதில் போட்ட?"

இந்தக் கேள்வியை மூன்று வருடத்தில் நான் என்னையே கேட்டதில்லை. அவனைப் பற்றி ஆயிரம் கேள்வி வைத்திருந்தேன். பொய் சொல்ல இடம் இல்லாததால் உள்ளதைச் சொன்னேன்.

"நீ கேப்பேன்னு காத்திருந்தேன். கேட்டா இல்லேன்னு சொல்றதுக்கு."

"மூணு வருஷமா?"

"மூணு வருஷமா."

அவன் ஒரு காய்ந்த கேழ்வரகுத் தாளைப் பிடுங்கி விரலில் சுற்றினான். கோபப்படுவான் என்று பார்த்தேன். கோபப்படவில்லை.

"நானு கேக்கக் கூடாதுன்னு மூணு வருஷம் ஓட்டினேன்" என்றான். "முதல்ல அதுக்குத்தான் எழுதினேன். பொய் சொல்லல. ஒரு நாலு கார்டு போட்டுட்டுக் கேட்டுடலாம்னு நெனச்சேன். அப்புறம் நீ அந்தச் சிப்பாயை வாங்காம உக்காந்த பாரு, சின்னப் புள்ளையில உக்கார்ற மாதிரி. அதுக்கப்புறம் கேக்க வாய் வரல. பையனை வேற அனுப்பிட்டேன்."

பக்கத்து ஷெட்டில் சத்தம் நின்றது. டீ இடைவேளை போலிருக்கிறது. அந்த அமைதியில் கேட்டுவிட்டேன்.

"அப்பா போனப்ப ஏன் அடுத்த நாள் சொன்ன?"

விரலில் சுற்றிய தாளைப் பிரித்தான்.

"நீ வந்தா பாகம் கேப்பேன்னு நாலு பேரு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

"நான் கேட்டிருக்க மாட்டேன்."

"தெரியும். இப்பத் தெரியும்."

எனக்குக் கண் நிறைந்தது. அப்பாவுக்காகவா, இவனுக்காகவா என்று தெரியவில்லை. அழுது முடித்த பிறகுதான் தெளிவாக ஒன்று தோன்றியது.

"இப்பக் கேக்குறேன்" என்றேன். "பாகம் பிரிச்சிடலாம். ரோட்டோரம் பாதி உனக்கு, நவீனுக்கு. அவன் ஷெட்டு போடட்டும். பின்னாடி பாதி என் பேர்ல."

"நீ வந்து பயிர் வைக்கப் போறியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"தெரியல. என் பேர்ல இருக்கணும்."

அவன் எழுந்து நடந்தான். வரப்பில் காலடி வைத்து அளந்துகொண்டே பின்பக்க வேலி வரை போய்த் திரும்பி வந்தான். "கெணறு உன் பக்கம் வருது" என்றான்.

"தண்ணி ரெண்டு பேருக்கும்."

"அதைப் பத்திரத்துல எழுதணும்."

"எழுதலாம்."

என் போனிலிருந்து நவீனைக் கூப்பிட்டேன். எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன் அத்தை திடீர்னு?" என்றான். "அதுல வேற ஏதாவது இருக்குதா?"

எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

8

சார்பதிவாளர் அலுவலகத்தில் என் பெயர் மாட்டிக்கொண்டது. பள்ளிச் சான்றிதழில் எஸ். நாகரத்னா. பாஸ்போர்ட்டில் நாகரத்னா சம்பங்கி. வாரிசுச் சான்றில் ரத்னம்மா.

"இவங்க மூணு பேரும் ஒருத்தர்தானா?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"ஒருத்திதாங்க" என்றான் அண்ணன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தூக்கி வளத்தவன் நான்."

அதை எழுத்தில் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்று பெயரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம், அதற்கு வக்கீல் கையெழுத்து, இரண்டு சாட்சி. நான்கு நாள் அலைந்தோம். ஐந்தாம் நாள் கேமரா முன்னால் உட்கார்ந்து விரலை வைத்தேன். கணவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "எதுலயும் போடாதன்னு சொன்னேனே" என்றார். பிறகு, "உன் பேர்லதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

காத்திருந்த அந்த நாட்களில் அலுவலக பெஞ்சில் அண்ணனும் நானும் நிறையப் பேசினோம் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவன் வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பான், நான் போனைப் பார்ப்பேன். ஒருமுறை டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது அவனுக்குத் தெரியவில்லை; நான் அதை நிறுத்தியது இங்கே வந்தபிறகு. குடித்துவிட்டேன்.

நவீன் இன்னும் புனேவில்தான் இருக்கிறான். ஷெட் போடலாமா என்று யோசிக்கிறான். அப்பாவின் போனை இப்போது எடுக்கிறான், இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. அண்ணி என்னை மன்னித்தாளா என்று தெரியாது. கிளம்பும்போது ஒரு மூட்டை கேழ்வரகு மாவைப் பெட்டியில் திணித்துவிட்டு, "இனிமே சொல்லிட்டு வா" என்றாள்.

9

திரும்பி வந்து இரண்டு வாரத்தில் அட்டை வந்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் நான் அவசரத்தில் ஒரு நகர்த்தல் போட்டிருந்தேன். மறுபடி ஒரு சிப்பாய் காவல் இல்லாமல் நின்றது. அண்ணன் இந்த முறை எடுத்துவிட்டான். "குதிரை வெட்டுது" என்று எழுதியிருந்தான், அடியில் கோடு போட்டு. அதற்குப் பிறகு அவன் ஆடியதைப் பார்த்து மீராவே விசில் அடித்தாள். இலை உதிரும் காலத்துக்குள் நான் தோற்றுவிட்டேன். ராஜாவைப் பலகையில் படுக்கவைத்து அதை ஒரு போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.

அன்று அவனே போன் பண்ணினான். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். மழை நன்றாகப் பெய்ததாம். ரோட்டோரம் அளவுக்கல் நட்டாயிற்றாம். அடுத்த ஆட்டத்தில் வெள்ளைக்காய் எனக்காம்; பெரியவன் விட்டுக்கொடுப்பதாகச் சொன்னான். எதற்கு விட்டுக்கொடுக்கிறாய் என்று நான் கேட்கவில்லை, நினைத்தேன். போனை வைக்கப்போகும்போது ஒரு இழுவையோடு கேட்டான்.

"ரத்னா, அந்த வில்லங்கச் சான்று, கம்ப்யூட்டர்ல வருமே. நீ எடுத்துப் பார்த்தியா?"

எடுத்துப் பார்த்திருந்தேன். ஊரிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே, பெட்டியைப் பிரிக்கும் முன்னால், என் பெயர் இருக்கிறதா, என் பாதியில் வேறு யாராவது ஏதாவது செய்திருக்கிறார்களா என்று பார்த்தேன். அடுத்த மாதமும் பார்த்தேன். அவனிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன்.

"பார்த்தேன்" என்றேன்.

"எப்ப?"

"வந்த மறுநாள். அப்புறம் மாசாமாசம்."

"நானும்தான்" என்றான் அண்ணன்.